வாசகசாலைப் பந்தியில் முதல் இலை

2019 ஜூன் 11, செவ்வாய்

காலை முதல் சாரல். காஸ் சிலிண்டர் வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன், பலன் பூஜ்யம்.

பதினொரு மணிக்கு வக்கீல் வேதவல்லி வந்தார். எங்கள் ஊர் விவேகதீபம் வாசகசாலையின் செயலாளர். நல்ல பெண்தான், ஆனால் எதைச் சொன்னாலும் சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு சொல்வதுபோலவே இருக்கும். கையில் ஒரு பழைய படம். கூடத்துக்கு வெள்ளையடிக்க பீரோவை நகர்த்தினார்களாம், அதன் பின்னால் கிடந்ததாம்.

"சார், முப்பத்துநாலு வருஷம் உயிரியல் எடுத்தவங்க நீங்க. இதுல என்னென்ன மிருகம் இருக்கு, எந்த வருஷத்துப் படம், யாரைக் கேலி பண்ணுது, எல்லாத்தையும் பாத்து ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க. ஜூலை பதினாலு பொதுக்குழுவுல படிச்சிரலாம். புதுக் கூடத்து வாசல்ல சட்டம் போட்டு மாட்டலாம்னு ஒரு யோசனை" என்றார்.

அதே பொதுக்குழுவில்தான் என் தீர்மானமும் வருகிறது. புதுப்பித்த கூடத்துக்கு, வாசகசாலையின் முதல் தலைவரும் என் கொள்ளுத் தாத்தாவுமான ஆனரரி மாஜிஸ்திரேட் ஆவுடையப்ப பிள்ளையின் பெயரை வைக்கவேண்டும் என்பது தீர்மானம். பதினோரு வருஷமாக மனுக் கொடுத்து வருகிறேன். இந்த வருஷம்தான் கமிட்டி மனம் இரங்கி அஜெண்டாவில் சேர்த்திருக்கிறது. எனக்கு அறுபத்தேழு ஆகிறது. இதை ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், வேறு ஆசை இல்லை.

படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கல்லில் வரைந்து அச்சடிப்பார்களே, அந்தக் கல்லச்சுப் படம். ஒரு முழ அகலம், கறுப்பு மை, ஓரத்தில் கரையான் தின்ற அடையாளம். மேலே அழகான கையெழுத்தில் 'வாசகசாலைப் பந்தி' என்று இருக்கிறது. மிருகங்கள் வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு வரிசையாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. முன்னால் வாழை இலை. இலையில் சோறு இல்லை, மடித்த பத்திரிகைகள். நரி ஒன்று கக்கத்தில் தோல்பையோடு, வாளியிலிருந்து பத்திரிகை எடுத்துப் பரிமாறுகிறது. கரடி, வெள்ளாடு, குரங்கு, பூனை எல்லாம் காலி இலையை வைத்துக்கொண்டு முழிக்கின்றன. முதல் இலையில் மட்டும் மலைபோலக் குவிந்திருக்கிறது. அந்த இலைக்காரர் வாய் நிறைய மென்றுகொண்டு, மீதியைத் தொடைக்கு அடியிலும் செருகி வைத்திருக்கிறார். கீழே ஒரு வரி: 'தலைவர் உண்டு எஞ்சியது மற்றவர்க்கு.' அதற்கும் கீழே 'மீனலோசனி அச்சுக்கூடம்'. வருஷம் இல்லை.

முதல் இலையில் இருப்பது குதிரை.

காபி கொண்டுவந்த உலகம்மை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது கழுதைல்லா?" என்றாள்.

தலைப்பாகை இறுக்குவதால் காது நிமிர்ந்து நீளமாகத் தெரிகிறது என்று விளக்கினேன். "வால் நுனியில மட்டும் குஞ்சம் இருக்கே, அதையும் தலைப்பாகைதான் இறுக்குதோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நாற்பது வருஷம் உயிரியல் ஆசிரியருடன் குடித்தனம் செய்தவளுக்கு இந்த அளவு தெரியத்தான் செய்யும்.

ஜூன் 13, வியாழன்

குதிரைதான்.

ஜூன் 15, சனி

காலையில் வழக்கம்போல வாசகசாலைப் பத்திரிகைகள் நான்கும் நம் வீட்டுக்கு வந்தன. படித்துவிட்டு, பத்தரை மணிக்குக் கொண்டுபோய் வாசகசாலையில் வைத்தேன். மூத்த உறுப்பினர் என்ற முறையில் இருபது வருஷமாக இந்தப் பொறுப்பை நான்தான் பார்க்கிறேன். அச்சுப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியும் வைக்கிறேன். ஒருவரும் ஒரு நன்றி சொன்னதில்லை.

பிற்பகல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காகிதத்துக்குள்ளேயே நீரோட்டமாக ஒரு கிரீடமும் 1897 என்ற எண்ணும் தெரிந்தன. சீமைக் காகிதம். அந்தக் காலத்தில் காகிதம் செய்த வருஷத்தை இப்படிப் பதிப்பார்கள். எனவே படம் 1897-க்கு முந்தையது அல்ல.

ஆனால் காகிதம் செய்த உடனே அச்சடித்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி? எந்த அச்சுக்கூடத்திலும் காகிதம் ஏழெட்டு வருஷம் தூங்கும். வாசகசாலை திறந்தது 1898. அதிலிருந்து 1904 வரை ஆவுடையப்ப பிள்ளை தலைவர். 1904 முதல் வேதவல்லியின் கொள்ளுத் தாத்தா, வக்கீல் ராகவாச்சாரியார் தலைவர். படம் 1904-க்குப் பிந்தையது என்று எனக்குப் படுகிறது. காரணங்களைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

காரணம் கிடைத்துவிட்டது!

நடந்ததைச் சொல்கிறேன். முன்னறையில் கொள்ளுத் தாத்தாவின் பெரிய போட்டோ இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டிருந்த உலகம்மை, "என்னங்க, இவுக தலைப்பாகையில இருக்கிற மயிலிறகும் அந்தப் படத்துல இருக்கிறதும் ஒண்ணுபோல இருக்கே" என்றாள். அந்தக் காலத்தில் மயிலுக்கா பஞ்சம் என்றேன். "கன்னத்துல மருகூட இருக்கு" என்றாள். லென்ஸை எடுத்துக்கொண்டு இரண்டு படத்துக்கும் நடுவில் நாலு முறை நடந்தேன், இந்த முழங்காலோடு.

போட்டோவில் தாத்தாவின் மரு வலது கன்னத்தில். படத்தில் இருக்கும் பிராணியின் மரு இடது கன்னத்தில். ஆகவே அவர் வேறு, இது வேறு. சாட்சியம் என்றால் இப்படி இருக்கவேண்டும். மத்தியானம் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

உலகம்மை மேலத்தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போய்ப் பந்தி கவனித்துவிட்டு வந்தாள். வந்தவள் புடவைகூட மாற்றாமல் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"இலைய எல்லாம் மாத்திப் போட்டிருக்கானே! சாப்பிடுறவங்களுக்கு நுனி இடது பக்கம்ல வரணும்? இங்க வலது பக்கம் கெடக்கு. அட, சாப்பிடுறதும் இடது கையால."

பத்து நாளாக லென்ஸும் கையுமாக இருந்த எனக்கு இது தெரியாமல் போயிற்று. கோபம் வந்தது, அவள்மேல்தான். பிறகு யோசித்ததில் விஷயம் விளங்கியது. பண்பாடு தெரியாத கூட்டம் என்று குத்திக்காட்டத்தான் சித்திரக்காரர் இலையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்! 'இடக்கைப் பந்தியும் அதன் உட்பொருளும்' என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதி அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

முழுதும் கேட்டாள். "சரி. கோட்டுப் பொத்தானும் மாறிப்போய் இருக்கே, அது யாருக்குக் குத்து? பரிமாறுத நரியும் இடது கையாலதான் பரிமாறுது. இது எல்லாமே மாறிக் கெடக்கு. சிவகாசியில கல்லு மிஷின்ல வேலை பாத்தவுக ஒருத்தர் மேலத்தெருவுல மக வீட்டோட இருக்காக. சண்முகக்கனின்னு பேரு. அவுகட்ட காட்டுங்க."

அச்சகத் தொழிலாளி ஒருவரிடம் போய் உட்பொருள் கேட்கவேண்டிய நிலையில் நான் இல்லை என்றேன்.

ஜூன் 22, சனி

தேங்காய்ப்பால் எடுத்து, எனக்குப் பிடித்த சொதி வைத்திருந்தாள். கோபம் இல்லை என்று அர்த்தம். நானும் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

ஜூன் 26, புதன்

மேலத்தெரு வழியாக மருந்து வாங்கப் போனேன். தற்செயலாகப் படமும் கையில் இருந்தது.

சண்முகக்கனிக்கு எண்பத்தோரு வயது. கண்ணாடி இல்லாமல் பார்க்கிறார். படத்தை மடியில் விரித்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"யார் சார் இந்தப் பச்சப்புள்ள? மொத மொத கல்லத் தொட்டிருக்கான், பாவம்!"

"எப்படிச் சொல்லுதீங்க?" என்றேன்.

"கல்லுல மையால நேரா வரைஞ்சா தாள்ல திரும்பித்தான் சார் விழும், முத்திரை குத்துத மாதிரி. அதனால நாங்க எல்லாத்தையும் இடவலம் மாத்தித்தான் வரைவோம். பழகுன கைக்கு அது சோறு திங்கிற மாதிரி. இவன் நல்லா வரையத் தெரிஞ்ச ஆளு, ஆனா கல்லு புதுசு. நேரா வரைஞ்சுட்டான். அச்சுல வந்து பாத்தா அத்தனை பேரும் பீச்சாங்கை!" மறுபடியும் சிரித்தார்.

நான் விடவில்லை. "அப்படின்னா எழுத்தும் திரும்பித்தானே விழுந்திருக்கணும்? எழுத்து நேராத்தானே இருக்கு?"

"எழுத்து எழுதுறது வேற ஆளு சார். அவன் தாள்ல எழுதி, அந்தத் தாளைக் கல்லுல ஒத்தி எடுப்பான். ரெண்டு தரம் திரும்பி நேராயிரும். இந்தச் சங்கதி எழுதுறவனுக்குத் தெரிஞ்சிருக்கு, படக்காரனுக்கு யாரும் சொல்லல."

உட்பொருள் ஒன்றும் கிடையாது. நாலு பக்கம் வீண்.

வீட்டுக்கு வந்து நிலைக்கண்ணாடிக்கு முன்னால் படத்தைப் பிடித்தேன். இலை நுனிகள் இடப்பக்கம் வந்தன. எல்லோரும் வலது கையால் சாப்பிட்டார்கள். பொத்தான்கள் சரியாயின. மற்றொன்றும் பக்கம் மாறியது. முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால் படுத்துக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

கோவேறு கழுதையாகவும் இருக்கலாம்.

ஜூலை 2, செவ்வாய்

கூப்பிடாமலே சண்முகக்கனி வந்துவிட்டார், கக்கத்தில் ஒரு சுருளோடு. பழைய அச்சுப் படங்களைச் சேர்த்து வைப்பது அவருக்கு ஒரு கிறுக்காம். அதில் ஒரு காலண்டர் தாள். கீழே அதே மீனலோசனி அச்சுக்கூடம். பிலவ வருஷம் என்று போட்டிருக்கிறது, அதாவது 1901. நடுவில் சரஸ்வதி.

"அதே கை சார், பாத்தீங்களா? காது வளைவு, விரல் நகம் எல்லாம் அவன் போடுத மாதிரிதான். ஆனா சரஸ்வதி சரியா வலது கையால வீணை வாசிக்கா. அதுக்குள்ள தொழிலக் கத்துக்கிட்டான். கத்துக்கிட்டவன் மறுபடி இந்தத் தப்பச் செய்யவே மாட்டான். அதனால உங்க கழுதை இந்தக் காலண்டருக்கு முந்தி."

'உங்க கழுதை' என்றார். அவர் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார்.

ஆக, வாசகசாலை திறந்த 1898-க்குப் பின், 1901-க்கு முன். அந்த மூன்று வருஷத்தில் தலைவராக இருந்தவர் ஒரே ஒருவர். உலகம்மை சண்முகக்கனிக்குக் காபியும் முறுக்கும் கொடுத்தாள். எனக்கு வைத்த முறுக்கை நான் தொடவில்லை. அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

வீட்டில் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். ஒரு கனவானை, ஊருக்கு வாசகசாலை தந்தவரை, பத்திரிகை தின்னும் மிருகமாக வரைய ஒருவனுக்கு என்ன திமிர் இருக்கவேண்டும் என்று கத்தினேன். தாத்தா பத்திரிகைகளை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்திருப்பார். அது ஒரு குற்றமா?

உலகம்மை புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "காலையில பத்தரைக்கு முன்னால நம்ம வாசகசாலையில பேப்பர் பாத்த ஆளு யாராச்சும் உண்டா?" என்று கேட்டாள்.

நான் செய்வது பரிசீலனை, அது வேறு என்றேன். "ஆமா, வேறதான்" என்று சொல்லிவிட்டுப் புளியைப் பிழிந்தாள்.

ஜூலை 6, சனி

பத்திரிகைகளை இனி நேராக வாசகசாலையிலேயே போட்டுவிடும்படி ஏஜெண்டிடம் சொன்னேன். சாரல் காலம், நனைந்த தெருவில் தினமும் நடப்பது முழங்காலுக்கு ஆகாது. வேறு காரணம் இல்லை.

ஜூலை 10, புதன்

வேதவல்லி போன் செய்தார். "குறிப்பு தயாரா சார்? என்ன மிருகம்னு முடிவாச்சா?" அதே அடக்கிய சிரிப்பு.

"ஏறக்குறைய" என்றேன்.

உண்மையில் இரண்டு குறிப்புகள் தயார். முதலாவதில் படம் 1906-ஐச் சேர்ந்தது. பழைய காகிதத்தில் அச்சடித்தது. முதல் இலையில் இருப்பது கோவேறு கழுதை. குறிப்பது அன்றைய தலைவரை. அதாவது வேதவல்லியின் கொள்ளுத் தாத்தாவை. மறுக்க யாரும் இல்லை. சண்முகக்கனி பொதுக்குழுவுக்கு வரப்போவதில்லை, அவர் விட்டுப்போன காலண்டர் தாள் என் மேஜையில்தான் இருக்கிறது. படித்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த தீர்மானம் என்னுடையது. பத்து நிமிஷத்தில் பெயர் வைத்தாகிவிடும்.

இரண்டாவதில் இருப்பது நடந்தது. அதைப் படித்தால், கழுதையின் பெயரைக் கூடத்துக்கு வைக்க யார் கை தூக்குவார்கள்?

எழுதிக்கொண்டிருக்கும்போதே வெட்கமாக இருக்கிறது. தேர்வுத்தாளில் ஒரு பையன் விடையைப் பார்த்து எழுதியதற்காக அவன் அப்பாவை வரவழைத்து நிற்க வைத்தவன் நான்.

ஜூலை 13, சனி

இரண்டு குறிப்பையும் உலகம்மை படித்துவிட்டாள். மேஜை துடைத்தாளாம். கேட்டதற்கு, "எத வேணும்னாலும் படிங்க. ஆனா பொய்யப் படிச்சிட்டு வந்து, அந்தக் கூடத்துப் பக்கம் போகும்போதெல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு என் உயிர வாங்கக் கூடாது" என்றாள்.

சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றே எழுதிவிடவேண்டும்.

நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். படத்தை ஒரு ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். நான் எழுந்து இரண்டாவது குறிப்பைப் படித்தேன். நீரோட்ட எண், கல்லில் நேராக வரைந்த தவறு, இலை நுனியைக் கண்டுபிடித்தது என் மனைவி, கல்லச்சு விவரம் சொன்னது சண்முகக்கனி, காலண்டர் சரஸ்வதி எல்லாம் சொன்னேன். காலம் 1898-க்கும் 1901-க்கும் இடையில். கடைசிப் பாராவைச் சற்று வேகமாகப் படித்தேன். "முதல் இலையில் இருப்பது கழுதை. குதிரை அல்ல, கோவேறு கழுதையும் அல்ல. கண்ணாடியில் பார்த்தால் மரு வலது கன்னத்தில் வருகிறது. இவர் இந்த வாசகசாலையின் முதல் தலைவர், என் கொள்ளுத் தாத்தா ஆவுடையப்ப பிள்ளை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து இருமலாக மாற்றினார்.

"பெயர் வைக்கிற தீர்மானத்த நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றேன். சொன்னபோது அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷம்! தண்ணீர் குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வேதவல்லி எழுந்தார். "சார், நரி யாருன்னு சொல்லலியே?"

"தெரியல" என்றேன்.

"அது கக்கத்துல ஒரு தோல்பை வச்சிருக்கே, அதே பை எங்க வீட்டுப் பரண்ல இன்னமும் கெடக்கு. அப்ப துணைத் தலைவர் எங்க கொள்ளுத் தாத்தா. உங்க தாத்தா திங்கத் திங்கக் கூசாம பரிமாறினவர் அவர்தான். பீரோ பின்னால படம் கிடைச்ச அன்னைக்கே பையப் பாத்துட்டேன் சார். மருவையும் பாத்தேன். நீங்க என்ன எழுதுவீங்கன்னுதான் ஒரு மாசமா காத்துக்கிட்டிருந்தேன்."

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. ஆனால் எதையும் சொல்ல இடம் கிடைக்கவில்லை, ஏனென்றால் மருந்துக்கடைக்காரர் எழுந்து, "கரடி எங்க பெரிய தாத்தா, அந்த வயித்தப் பாத்தாலே தெரியுதுல்லா!" என்று கத்தினார். வெள்ளாட்டுத் தாடிக்கு இரண்டு குடும்பம் போட்டி போட்டது. நாற்காலிகளை விட்டு எல்லோரும் ஸ்டாண்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உக்கிரபாண்டியன் என் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டார். "எங்க தாத்தாவும் அப்பவே மெம்பர்தான். எங்கள மட்டும் எப்படி விடலாம்? அந்தக் காலத்துலயே ஓரவஞ்சனையா?" என்று முனகிக்கொண்டே தேடினார். கடைசியில் கரையான் தின்ற ஓரத்தில் அரைகுறையாகத் தெரிந்த ஒரு வாலைக் கண்டுபிடித்து, அது தன் தாத்தாதான் என்று சாதித்தார். மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

சத்தம் அடங்கியதும் வேதவல்லி, "வாபஸ் வாங்க கமிட்டி அனுமதிக்கல. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருது" என்றார். முப்பத்தாறு கை உயர்ந்தது. போஸ்ட்மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பிரசங்கத்துல எம்பேரச் சொன்னீங்களா, இல்ல 'என் மனைவி'யோட நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

திறப்புவிழா. கல்வெட்டில் தாத்தா பெயர், வாசலில் படம். குறிப்பில் 'உலகம்மை' என்ற பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. நல்ல கூட்டம். சண்முகக்கனி படத்தின் முன்னால் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பீச்சாங்கையை விளக்கிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முழங்கால் மோசம். வாசகசாலைக்கு ஆட்டோவில் போகலாம் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். ஓட்டுநர் இளவட்டம்.

"ஆவுடையப்ப பிள்ளை அரங்கம்" என்றேன். முதல் முறையாக வாய்விட்டு ஒரு வெளியாளிடம் சொல்கிறேன், நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அது எங்கன இருக்கு சார்? கல்யாண மண்டபமா?"

வாசகசாலை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. கணீரென்று இன்னொரு முறை அதே பெயரைச் சொன்னேன். அவர் பக்கத்து ஆட்டோவைப் பார்த்து, "ஏல, ஆவுடையப்ப பிள்ளை அரங்கம் எங்கல இருக்கு?" என்றார். அவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது ஆள் தென்காசிப் பக்கம் கை காட்டினார். மழை வேறு பிடித்துக்கொண்டது.

வேறு வழியில்லை. "வாசல்ல கழுதைப் படம் மாட்டியிருக்கில்லா, அந்த ஹாலு" என்றேன்.

"அட, கழுதை ஹாலா! மொதல்லயே அப்படிச் சொல்ல வேண்டியதுதான சார்? ஏறுங்க." வண்டி கிளம்பியது. "போன ஞாயித்துக்கிழமதான் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு. யாரு சார் அந்தக் கழுதை?"

"எங்க கொள்ளுத் தாத்தா" என்றேன்.

வண்டியை ஓரங்கட்டித் திரும்பி, என் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"ஆமா சார், சாடை இருக்கு" என்றார்.